ஐயாத்துரை வீட்டுப் படம்

பத்மாசனிக்குக் கோபம் வந்தால் வசனம் பேசுவாள். சொந்த வசனம் அல்ல, படத்து வசனம். கோழி குசினிக்குள் புகுந்தாலும் சரி, கணவர் தவராசா வயல் சேற்றுக் காலோடு விறாந்தையில் ஏறினாலும் சரி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இந்த வீட்டில் கதவைக்கூடத் தட்டிவிட்டுத்தான் திறக்கிறார்கள். எனக்கு அந்த மரியாதையும் இல்லை" என்று ஒரு போடு போடுவாள். கோழிக்கு விளங்கியதோ இல்லையோ, தவராசா பேசாமல் கிணற்றடிக்குத் திரும்பிப் போய்க் காலைக் கழுவிக்கொண்டு வருவார்.

அந்த வசனம்தான் கடைசியில் வினையாய் வந்து நின்றது. அவர்களுடைய ஒரே மகள் யதுர்ஷிகா கிளிநொச்சியில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறாள். சனிக்கிழமைகளில் துணுக்காய்க்கு வந்து, இரண்டு நாள் அம்மாவின் கையால் சாப்பிட்டுவிட்டு, திங்கள் காலை முதல் பஸ்ஸில் திரும்புகிறவள். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கும் அந்த வசனம் மனப்பாடம். ஒருநாள் விளையாட்டாக அதைப் போனில் எழுதித் தேடியிருக்கிறாள். யாரோ ஒரு புண்ணியவான் முழுப்படத்தையும் யூடியூப்பில் ஏற்றி, கீழே அதே வசனத்தை எழுதியும் வைத்திருந்தான்.

"அம்மா, உங்கட படத்தைக் கண்டுபிடிச்சிட்டன். முழுப்படமும் இருக்கு. நாளைக்குப் பின்னேரம் ரீவியிலை போட்டுப் பாப்பம். உங்கட முப்பதாவது கலியாண நாளுக்கு என்ரை பரிசு எண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன்."

தையல் மெசினில் இருந்த பத்மாசனியின் கால் நின்றுவிட்டது. அவளுக்குப் பின்னால் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த தவராசாவின் கையும் நின்றது. அது அவருடைய வழக்கமான இடம். பின்னேரத் தேத்தண்ணியைத் தூக்கிக்கொண்டு வந்து, மனைவியின் முதுகுக்குப் பின்னால்தான் இருப்பார். "ஏன் கள்ளன் மாதிரிப் பின்னாலை இருக்கிறியள், முன்னாலை வாங்கோவன்" என்று அவளும் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டாள். "இஞ்சைதான் காத்து" என்பார். முப்பது வருடமாக அதே பதில்.

"எந்தப் படம்?" என்று தவராசா கேட்டார்.

"ஐயாத்துரை வீட்டுப் படம் அப்பா. நீங்கள் மிதிச்ச படம்."

"அது இப்ப ஏன்? பழசு."

பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் பார்க்கப் போனார். சிறுபோகம் வெட்டி முடிந்து, குளத்துக் கதவும் பூட்டி, வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடந்த காலம் அது. அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை என்பது பத்மாசனிக்குத் தெரியும். அவளுடைய மனம் சுருங்கிப் போயிற்று.

அந்தப் படத்துக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் கசெற்றில் ஒட்டியிருந்த காகிதம் அழிந்துபோனதால் ஊரில் எல்லோருக்கும் அது ஐயாத்துரை வீட்டுப் படம். ஐயாத்துரை, பத்மாசனியின் தாய்மாமன். அவருடைய வீட்டு வளவில்தான் பின்னேரங்களில் படம் ஓடியது. ஓடியது என்றால், ஒருவரும் பார்க்கவில்லை. காதால் கேட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வன்னிக்குள் கரண்ட் இல்லை, போர்க்காலத் தடையால் பற்றறி வர விடமாட்டார்கள், மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகத்தான் விளக்குக்கு விட வேண்டும். ஐயாத்துரை மாமாவிடம் ஒரு ரேப் றெக்கோடர் இருந்தது, ஒரு படத்தின் கதை வசனம் பதிந்த ஒரே ஒரு கசெற் இருந்தது, ஒரு சைக்கிளும் இருந்தது. சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பின் சில்லில் டைனமோவைச் சாய்த்து, வயர் இழுத்து ரேப்புக்குக் கொடுத்தால், ஒருவர் ஏறியிருந்து மிதிக்கும் வரைக்கும் படம் ஓடும். மிதிப்பதை நிறுத்தினால் கதாநாயகன் பாதிச் சொல்லில் வாயை மூடிக்கொள்வான்.

மிதிப்பது லேசான வேலையல்ல. வேகம் குறைந்தால் கதாநாயகி ஆண்குரலில் அழுவாள். கூடினால் வில்லன் அணில் மாதிரிக் கீச்சிடுவான். ஊரில் பல பேர் ஏறிப் பார்த்தார்கள். ஒருவருடைய மிதியில், தகப்பன் மகளுக்குச் செய்துகொடுத்த சத்தியம் முழுவதும் ஆட்டுக்கல் அரைக்கிற மாதிரி இழுபட்டு, சனம் விழுந்து விழுந்து சிரித்தது. தவராசா ஏறிய அன்றுதான் அந்தக் கதாநாயகிக்குப் பெண்குரல் வாய்த்தது என்று பக்கத்து வளவுக் கமலேஸ்வரி அக்கா இன்றைக்கும் சொல்வார். அவரும் அந்தப் படத்தை எண்ணிக்கையில்லாத தரம் கேட்டவர்தான். அன்றிலிருந்து ஐயாத்துரை மாமா வேறு யாரையும் சைக்கிளில் ஏற விடவில்லை.

காதால் கேட்கிற படத்தில் ஒரு கரைச்சல் உண்டு. பேச்சு நிற்கிற இடங்களில் என்ன நடக்கிறது என்று தெரியாது. வயலின் இழுபடும், யாரோ ஓடுவார்கள், எங்கோ கதவு அடிபடும். "இப்ப என்ன நடக்குது?" என்று சனம் கழுத்தை நீட்டும். அப்போதுதான் தவராசா, தான் பதினாலு வயதில் யாழ்ப்பாணத்தில் சித்தப்பா வீட்டில் நின்றபோது இந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்ததாகச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், மிதித்துக்கொண்டே, மூச்சு வாங்க வாங்க, அந்த இடைவெளிகளை நிரப்பவும் தொடங்கினார். கீழே நிற்கும்போது கேட்டதற்குக்கூட ஒழுங்காகப் பதில் சொல்லாத மனிதர், சைக்கிளில் ஏறினால் மட்டும் அப்படிக் கதைப்பார்.

"இப்ப அவள் பின்னலைத் தூக்கி முன்னாலை போடுறாள். இடது காதுக்குப் பின்னாலை ஒரு மச்சம். கடுகளவு. பின்னலை முன்னாலை போட்டாத்தான் அது தெரியும்."

"மச்சம் மட்டும் பாத்திருக்கிறான், பாருங்கோ" என்றார் கமலேஸ்வரி அக்கா. வளவே சிரித்தது.

கோட்டுக் காட்சியில் நீதவான் தீர்ப்புச் சொல்லித் தகப்பனை மறியலுக்குக் கொண்டுபோகிற இடத்தில் நீண்ட சோக இசை. "இப்ப அவள் கொட்டாவி விடுறாள். புறங்கையாலை வாயைப் பொத்துறாள்" என்றார் தவராசா.

"தேப்பனை மறியலுக்குக் கொண்டுபோறாங்கள், அவளுக்கு என்னடா கொட்டாவி?"

"பணக்காரப் பிள்ளையள் அப்பிடித்தான்."

மழைப் பாட்டில் அவள் ஒரு காலால் மற்றக் காலைச் சொறிவாள். காதலன் கடிதம் வருகிற இடத்தில் பின்னல் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பாள். எல்லாம் சரி, முகம் எப்படி என்று யாராவது கேட்டால் மட்டும், "வடிவான முகம்" என்று சொல்லிவிட்டு மிதியைக் கூட்டிவிடுவார். கதாநாயகன் கீச்சிடத் தொடங்குவான்.

பத்மாசனிக்கு அப்போது பதினேழு வயது. சின்னப் பிள்ளைகள் ரேப்புக்குக் கிட்ட, பெரியவர்கள் நடுவில். வீட்டுப் பெண் என்பதால் அவள் எல்லோருக்கும் பின்னால், சைக்கிளின் முன் சில்லுக்கு ஒரு முழம் தள்ளி இருப்பாள். அடுப்பைப் பார்க்க, மிதிக்கிறவருக்குத் தண்ணீர் கொடுக்க, அடிக்கடி எழும்ப வேண்டும் அல்லவா? அங்கே இருந்தபடியே அவள் முழுப்படத்தையும் தனக்குள் கட்டினாள். மலையைக் கண்டிராதவள், கதாநாயகி பாடிக்கொண்டு ஏறுகிற மலைக்கு வவுனிக்குளத்து அணைக்கட்டைக் கொண்டுவந்து வைத்தாள். கோட்டுக்குத் துணுக்காய்ப் பள்ளிக்கூடத்தின் பெரிய மண்டபம். தையல் பழகிக்கொண்டிருந்த காலம் என்பதால் கதாநாயகியின் சட்டைகளையெல்லாம் மனதுக்குள் அவளே வெட்டித் தைத்தாள். பார்த்த படம் மறந்துபோகும். கேட்ட படம் மறக்காது, ஏனென்றால் வீட்டைத் தன் கையால் கட்டியவருக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும். அந்தப் படத்தில் அவளால் கட்ட முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெண்ணின் முகம். எப்போது நினைத்தாலும் அவள் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பாள்.

ஐயாத்துரை மாமா பேசி, தவராசா அண்ணை அவளுக்குக் கணவரானார். கலியாணமாகி ஒரு கிழமை இருக்கும். கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றவள், கனநாளாய் மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டாள்.

"அந்தப் படத்துக்காரி உண்மையிலேயே வடிவோ?"

தவராசா கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நல்ல வடிவு" என்றார். "கண்ணுக்கையே நிக்குது."

வாளி கையை விட்டுப் போய்க் கிணற்றுக்குள் விழுந்தது. புதுப்பெண்ணை முன்னால் வைத்துக்கொண்டு இன்னொருத்தியைக் கண்ணுக்குள் நிற்கிறாள் என்று சொல்கிற மனிதரை என்ன செய்வது? அவள் அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. அந்த வார்த்தையை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு எத்தனை இடப்பெயர்வு, எத்தனை கூடாரம். வீட்டுக் கூரையையே விட்டுவிட்டுப் போனார்கள், கசெற் எம்மாத்திரம். அந்தப் படத்துக்காரி மட்டும் எங்கேயும் தவறவில்லை, கூடவே வந்தாள். தவராசா நல்ல மனிதர். குடி இல்லை, அடி இல்லை. காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தருவார். ஆனால் வடிவு, அழகு என்கிற ஒரு சொல் அவர் வாயிலிருந்து மனைவிக்கென்று ஒருநாளும் வரவில்லை. புதுச் சேலை கட்டிக்கொண்டு முன்னால் நின்றால், சேலையைப் பார்த்து, "துணி நல்லாயிருக்கு" என்பார். ஊருக்குக் கரண்ட் வந்து, ரீவி வந்து, நாடகங்கள் வந்த பிறகு, பத்மாசனி திரையில் வருகிற ஒவ்வொரு நடிகையின் காதையும் கவனிப்பாள். தேடுகிறாள் என்று தனக்கே ஒத்துக்கொள்ளமாட்டாள்.

இப்போது அந்தப் படத்துக்காரியே வரவேற்பறைக்கு வரப்போகிறாள். முகத்தோடு. ஐம்பது வயதில், கண்ணாடி போட்டுக்கொண்டு, நரைத்த தலையோடு, கணவருக்குப் பக்கத்தில் இருந்து அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால், இவ்வளவு காலமும் தான் யாருடைய இடத்தில் இருந்தோம் என்று தெரிந்துவிடும். அது தெரியாமலே செத்துப்போனால் என்ன குறைந்துவிடும் என்று பத்மாசனி நினைத்தாள்.

"எனக்கு உந்தப் படம் வேண்டாம் பிள்ளை. பிளவுஸ் ஒண்டு குடுக்க வேணும்" என்று ஞாயிறு காலையில் சொல்லிப் பார்த்தாள்.

"ஒரு பிளவுசுக்காகத் தேடிப் பிடிச்ச படத்தை விடுறதே? நான் கமலேஸ்வரி அன்ரிக்கும் சொல்லிப்போட்டன்."

அதோடு கதை முடிந்தது. கமலேஸ்வரி அக்காவுக்குச் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி. பத்மாசனி சீயாக்காய் போட்டுத் தலை முழுகினாள். முழுகிவிட்டு நல்ல சேலையும் கட்டினாள். படத்தில் வருகிறவளுக்குப் போட்டியாகவா கட்டுகிறாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டு, அதை அவிழ்த்துவிட்டுப் பழையதைக் கட்டினாள்.

பின்னேரம் இரண்டு மணிக்கு வாய் நிறைய வெற்றிலையோடு கமலேஸ்வரி அக்கா வந்து முன் கதிரையில் அமர்ந்தார். மல்லாவிக்குப் பசளை வாங்கப் போகிறேன் என்று கிளம்பிய தவராசாவை, ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு என்று சொல்லி மகள் மறித்து இருத்திவிட்டாள். அவர் தன் கதிரையை இழுத்துப் பின்னால், வாசலோரம் போட்டுக்கொண்டார். ஓட வசதியாய் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

படம் தொடங்கியது. முதலில் மலை வந்தது. உண்மையான மலை, மேகம் தொட்டுக்கொண்டு நின்றது. பத்மாசனிக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு உயரத்தில் ஏறிக்கொண்டு ஒருத்தி எப்படிப் பாட முடியும்? கதாநாயகன் கோடு போட்ட பெல்பொட்டக் காற்சட்டையோடு வந்தான். குரல் அவளுக்கு அத்தனை பழக்கம், முகம் யாரோ அந்நியன். பிறகு ஒரு கார் வந்து நின்றது. கதவு திறந்தது. பத்மாசனி இரண்டு கையாலும் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

இறங்கி வந்தவளுக்குப் பின்னலே இல்லை. தலைமயிர் காதோடு கத்தரித்து விடப்பட்டிருந்தது. கொழுகொழுவென்று சிரித்த முகம், காதில் வளையல் அளவுக்குத் தோடு. வடக்கே பார்த்தாலும் தெற்கே பார்த்தாலும் இரண்டு காதும் பளிச்சென்று தெரிந்தன.

"எங்கை பின்னல்?" என்றார் கமலேஸ்வரி அக்கா.

"பொறுங்கோ அன்ரி, வளரும்" என்றாள் யதுர்ஷிகா.

ஒரு மணித்தியாலம் படம் ஓடியது. தலைமயிர் வளரவில்லை. மழைப் பாட்டில் அவள் காலைச் சொறியவில்லை. கோட்டில் கொட்டாவி விடவில்லை, தூணைக் கட்டிப்பிடித்துக் குழறி அழுதாள். வசனம் இல்லாத இடங்களில் பாதிக்கு மேல் அவள் படத்திலேயே இல்லை. கதாநாயகன் தனியாக மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான், அல்லது வில்லன் படியிறங்கிக்கொண்டிருந்தான். காதுக்குப் பின்னால் மச்சம் இருந்திருந்தால் கண் தெரியாதவருக்கும் தெரிந்திருக்கும். மச்சம் இல்லை.

கமலேஸ்வரி அக்கா மெல்லத் திரும்பினார். "தவம், நீ இந்தப் படத்தைப் பாத்தனியோ?"

தவராசா கையிலிருந்த வெறும் கோப்பைக்குள் எதையோ தேடினார். "இல்லை அக்கா."

"ஒருக்காலும்?"

"இண்டைக்குத்தான் முதல்."

கமலேஸ்வரி அக்கா வெற்றிலை தெறிக்கத் தெறிக்கச் சிரித்தார். முப்பத்துமூன்று வருடமாக ஊரை ஏய்த்திருக்கிறான், கள்ளப்பயல் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். யதுர்ஷிகாவும் சிரித்தாள். பத்மாசனிக்குச் சிரிப்பு வரவில்லை.

படத்துக்காரி என்றால் அவள் திரையில் விழுகிற ஒரு வெளிச்சம். எங்கோ இந்தியாவில் இருக்கிறவள், துணுக்காய்க்கு வரப்போவதில்லை. ஆனால் படத்தில் இல்லாத பின்னல் யாருடைய தலையிலாவது இருந்திருக்க வேண்டுமே. படத்தில் இல்லாத மச்சத்துக்கும் ஒரு காது இருந்திருக்க வேண்டுமே. அது அந்த வளவுக்குள் இருந்த காதுதான். அந்த வளவில் பின்னலோடு இருந்த குமர்ப்பிள்ளைகள் நாலு பேர். அதில் இடுப்புக்குக் கீழே இறங்குகிற பின்னல் ஒருத்திக்குத்தான், கமலேஸ்வரி அக்காவின் தங்கச்சி பிரியந்தினிக்கு. இப்போது சுவிசில் இருக்கிறாள். கண்ணுக்குள் நிற்கிறாளாம்.

பத்மாசனி எழுந்து நின்றாள். வசனம் தானாகவே வாயில் வந்தது. "இந்த வீட்டில் கதவைக்கூடத் தட்டிவிட்டுத்தான்..." என்று தொடங்கியவள் பாதியில் விட்டுவிட்டு அறைக்குள் போனாள்.

"பத்மா, அது..." என்றார் தவராசா. எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். காய்ந்த வாய்க்கால் இரண்டாம் நாளும் துப்புரவானது.

கமலேஸ்வரி அக்கா மிச்சப் படத்தையும் பார்த்துவிட்டு, முடிவு சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். யதுர்ஷிகா அறைக்குள் போய்ப் பார்த்தாள். அம்மா கட்டிலில் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். முழுகிய தலை இன்னும் பின்னாமல் கிடந்தது. மகள் சீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறி இருந்தாள்.

"அழுறியளோ?"

"சீயாக்காய் கண்ணுக்கை போட்டுது."

"காலமை முழுகினது பின்னேரமோ கண்ணுக்கை போறது?"

அதற்குப் பிறகு மறைக்க முடியவில்லை. கிணற்றடி, வாளி, நல்ல வடிவு, கண்ணுக்குள் நிற்கிறது, எல்லாவற்றையும் பத்மாசனி சொன்னாள். மகளிடம் சொல்கிற கதையா என்று இடையில் ஒருதரம் நிறுத்தினாள், பிறகு அதையும் மறந்து சொன்னாள். "உன்ரை கொப்பர் என்னைக் கட்டினது மாமான்ரை முகத்துக்காகத்தான் பிள்ளை. மனசிலை இருந்தது பிரியந்தினி. அவளுக்கு அந்த மச்சம் இருந்தது எனக்கு இவ்வளவு காலமும் தெரியாமல் போச்சு."

யதுர்ஷிகா தலையைச் சீவி, மயிர் முழுவதையும் ஒருபக்கமாக முன்னால் எடுத்துப் போட்டாள். சீப்பு அப்படியே நின்றது.

"அம்மா, எந்தக் காது எண்டு சொன்னவர்?"

"இடது."

"பின்னாலையோ?"

"ஓம். கடுகளவாம். பின்னலை முன்னாலை போட்டாத்தான் தெரியுமாம்."

போன் கிளிக் என்றது. யதுர்ஷிகா அதை அம்மாவின் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். ஒரு காதின் பின்பக்கம். அதன் அடியில், மயிர் தொடங்குகிற இடத்தில், ஒரு கறுத்த மச்சம்.

"இவளின்ரை படம் உனக்கு எங்காலை? பேஸ்புக்கிலை எடுத்தனியோ?" என்று பத்மாசனி எரிச்சலோடு கேட்டாள்.

மகள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். மச்சத்தைச் சுற்றி நரைமயிர் தெரிந்தது. காதோரம் எட்டிப் பார்த்த தோட்டில் ஒரு கல் இல்லை. அந்தக் கல் ஒரு இடப்பெயர்வில் விழுந்தது. எங்கே விழுந்தது என்றுகூடப் பத்மாசனிக்குத் தெரியும். அவள் கையை மெல்லத் தூக்கித் தன் தோட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"சின்னனிலை உங்கட சைக்கிளிலை பின்னாலை இருந்து பள்ளிக்கூடம் போகேக்கை, நான் இந்த மச்சத்தைப் பாத்துக்கொண்டுதான் போறனான்" என்றாள் யதுர்ஷிகா.

"ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"உங்கட மச்சம் தானே. உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன்."

ஐந்து பெண் பிள்ளைகளுக்குப் பேன் பார்த்துக் களைத்த பத்மாசனியின் தாய், யாருக்கு எங்கே மச்சம் என்று சொல்லிக்கொண்டா இருந்திருப்பாள்? பத்மாசனி போனைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஐயாத்துரை மாமாவின் வளவு வந்து முன்னால் நின்றது. முன் சில்லுக்கு ஒரு முழம் தள்ளி அவள் இருக்கிறாள். நாற்பது தரம் கேட்ட கோட்டுக் காட்சியில் நித்திரை தூங்கி அவள் கொட்டாவி விடுகிறாள். நுளம்பு கடித்த காலை மற்றக் காலால் சொறிகிறாள். கடிதம் வாசிக்கிற இடத்தில் பின்னல் நுனியை விரலில் சுற்றுகிறாள். பின்னால் ஒருவர் மூச்சு வாங்க வாங்க மிதித்துக்கொண்டு, அதையெல்லாம் ஒன்று விடாமல் ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறார். முகத்தை மட்டும் சொல்லவில்லை. சைக்கிளில் இருந்து அவருக்கு முகம் தெரியாது.

முகம் தெரிந்தது கிணற்றடியில்தான். வடிவோ என்று கேட்டபோது அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்துவிட்டுத்தான் சொன்னார். வாழ்க்கையில் ஒரே ஒருதரம் அந்த மனிதர் வாய் திறந்து சொன்னதை, அவள் வாளியோடு சேர்த்துக் கிணற்றில் போட்டுவிட்டு, முப்பது வருடம் தாகத்தோடு திரிந்திருக்கிறாள். பத்மாசனி இப்போது உண்மையாகவே அழுதாள். சீயாக்காய் என்று சொல்லவில்லை.

பொழுது சாய்கிற நேரம் தவராசா வந்தார். யாரும் வசனம் பேசாமலே கிணற்றடிக்குப் போய்க் காலைக் கழுவினார். விறாந்தையில் ஏறத் தயங்கி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்மாசனி தையல் மெசினுக்கு முன்னால் இருந்தாள். தலை இறுக்கிப் பின்னியிருந்தது.

"தேத்தண்ணி வைச்சிருக்கு. ஆறப்போகுது" என்றாள், திரும்பாமல்.

அவர் வந்து தன்னுடைய கதிரையில் இருந்தார். கோப்பையை எடுத்தார். குடிக்கவில்லை.

"படம் பாக்கேல்லை எண்டு அண்டைக்கே சொல்லியிருக்கலாம் தானே?"

தவராசா கோப்பையைக் கீழே வைத்தார். "சொல்லியிருந்தால், இடையிலை கதை சொல்லத் தெரிஞ்ச வேறை ஆரையும் சைக்கிளிலை ஏத்தியிருப்பினம்."

பத்மாசனி மெசினில் துணியை வைத்து, ஊசியை இறக்கினாள். பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய், பின்னலைத் தூக்கி, இடது பக்கத்தை நன்றாக ஒதுக்கி, முன்னால் எடுத்துப் போட்டாள்.

"காத்து வருதோ?"

முற்றத்து வேம்பில் ஓர் இலைகூட அசையவில்லை.

"வருது" என்றார் தவராசா.